தியத்தலாவையில் அடைக்கப்பட்ட ஜேர்மனியர்: கிழக்குக் கரையிலிருந்து ஒரு வாசிப்பு

கல்முனையிலிருந்து அம்பாறை, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று மலையேறினால் பண்டாரவளைக்குப் பக்கத்தில் தியத்தலாவை வருகிறது. இன்று அது இராணுவப் பயிற்சி நிலையங்களின் ஊர். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்த மலைச்சரிவு மூன்று தடவை மனிதரை அடைத்துவைக்கும் இடமாகப் பயன்பட்டது. முதலில் 1900இல், தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்கள், ஏறத்தாழ 5,000 பேர். அடுத்து 1914இலும் 1939இலும் இலங்கையில் வாழ்ந்த ஜேர்மனியர்.

போயர்கள் துப்பாக்கி ஏந்திச் சண்டையிட்டுப் பிடிபட்டவர்கள். அவர்களைச் சிறைவைத்ததற்கு யுத்த நியாயம் ஒன்று இருந்தது. ஜேர்மனியரின் கதை வேறு. வணிகர், தோட்டக்காரர், மிருகங்களைப் பிடித்து விற்றவர், காவி உடுத்துத் தியானம் செய்துகொண்டிருந்த பிக்குகள் என்று பலதரப்பட்டவர்கள். அவர்கள் அடைக்கப்பட்டது எதையும் செய்ததற்காக அல்ல, செய்யக்கூடும் என்பதற்காக. அந்த 'கூடும்' என்பதற்கு அரசு வைத்திருந்த சாட்சியம் அவர்கள் பிறந்த நாடு மட்டுமே.

இத்தகைய தடுப்புக்காவலைப் பற்றிப் பேசும்போது, அரசுகள் பதற்றத்தில் நல்லவர் கெட்டவரைப் பிரித்தறிய முடியாமல் தவறிவிட்டன என்று சொல்வது வழக்கம். ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. பிரித்தறியும் வழி அரசின் கையில் இருந்தது. பல இடங்களில் பிரித்தும் பார்த்தார்கள். பிறகு அந்தப் பிரிப்பையே தூக்கிப் போட்டார்கள். இலங்கையின் ஜேர்மனியர் கதையை இந்தக் கோணத்தில் வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. 1990ஐயும் 2019ஐயும் கண்ட இந்தக் கரையில் இருந்து வாசிக்கிறவருக்கு அந்தக் கோணம் தானாகவே வந்துவிடும்.

1914 ஓகஸ்ட்டில் பிரித்தானியா ஜேர்மனிமீது யுத்தம் அறிவித்ததும், பேரரசின் எல்லா மூலைகளிலும் ஜேர்மன் பிரஜைகள் ஒரே இரவில் 'எதிரிநாட்டுப் பிறத்தியார்' ஆனார்கள். பிரித்தானியாவில் மட்டும் 1915இன் முடிவுக்குள் 30,000க்கும் மேற்பட்டோர் முகாம்களில் இருந்தார்கள். அவுஸ்திரேலியா ஏறத்தாழ 7,000 பேரை அடைத்தது. தமிழ்நாட்டில் தரங்கம்பாடியை மையமாகக் கொண்டு இயங்கிய லைப்சிக் மிஷனின் ஜேர்மன் போதகர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்களின் சபைகளையும் பள்ளிக்கூடங்களையும் சுவீடன் நாட்டு மிஷன் பொறுப்பேற்றது. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக எழுந்ததற்கு இந்த வெற்றிடமும் ஒரு காரணம். மலபாரில் பாசல் மிஷனின் ஓட்டுத் தொழிற்சாலைகள் கைமாறின.

இலங்கையில் ஜேர்மனியர் தொகையில் சிறியவர்கள், பணத்தில் பெரியவர்கள். தேங்காயெண்ணெய், கொப்பரா ஏற்றுமதியில் ஃபிராய்டன்பேர்க் நிறுவனம் முன்னணியில் நின்றது. அதன் தலைவர் கொழும்பில் ஜேர்மன் கொன்சலாகவும் இருந்தார். யுத்தம் வந்ததும் ஆட்களோடு சொத்துகளும் பறிபோயின. பாதுகாப்பு என்று தொடங்கும் நடவடிக்கையில் வியாபாரப் போட்டியும் கூடவே நுழைந்துகொள்வது இங்கு மட்டும் நடந்ததல்ல. இதையும் ஒரு பக்கத்தில் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

அச்சத்துக்குக் காரணமே இருக்கவில்லை என்று சொன்னால் அது பொய். எம்டன் என்ற ஜேர்மன் போர்க்கப்பல் 1914 செப்டெம்பரில் வங்காள விரிகுடாவிலும் இந்து சமுத்திரத்திலும் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டு திரிந்தது. செப்டெம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டுக் கொளுத்தியது. நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவுகளில் அது அழியும்வரை நம் கரையோரம் முழுவதும் வதந்திகள் மிதந்தன. அவற்றில் ஒன்று எங்கள் தெற்கு எல்லைக்கு மிக அருகே ஒரு மனிதரின் வாழ்க்கையில் போய் விழுந்தது.

பொத்துவில், பாணமை தாண்டிக் குமணக் காட்டைக் கடந்தால் யால. அந்தச் சரணாலயத்தின் முதல் காவலர் எங்கல்பிரெக்ட் என்ற போயர். தியத்தலாவையில் கைதியாக இருந்தவர். தென்னாபிரிக்கப் போர் முடிந்து மற்றவர்கள் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்து ஊர் திரும்பியபோது, பிரமாணம் செய்ய மாட்டேன் என்று நின்றுவிட்டவர். ஊருக்குப் போக வழியில்லை. அம்பாந்தோட்டைப் பக்கம் குடியேறி, 1908இல் யாலவில் வேலைக்குச் சேர்ந்தார். முதலாம் உலக யுத்தத்தின்போது அவர்மீது ஒரு குற்றச்சாட்டு வந்தது: எம்டன் கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்று. பிடித்துக் காவலில் வைத்தார்கள். ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. 1922இல் அவர் இறந்தார். 1931இல், பழைய எம்டனில் பணியாற்றிய விட்ஹோஃப்ட் என்ற அதிகாரி, அதே பெயர் சூட்டப்பட்ட புதிய கப்பலின் தலைவராகக் கொழும்பு வந்தபோது, அப்படி எந்த இறைச்சியும் வரவில்லை என்று சொன்னார். கேட்டுச் சந்தோஷப்பட எங்கல்பிரெக்ட் உயிரோடு இல்லை.

எங்கல்பிரெக்ட் ஜேர்மனியரே அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பு ஒருமுறை எதிரியாக இருந்தவர், அவ்வளவுதான். ஒருமுறை பட்டியலில் ஏறிய பெயர் அடுத்த அச்சத்தின்போது முதலில் வாசிக்கப்படும் பெயராகிறது. சுற்றிவளைப்புக் காலத்தில் கிழக்கில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியம் இல்லை.

இனி, இந்தக் கதையின் மையமான மனிதருக்கு வருவோம். அந்தோன் குவேத் 1878இல் ஜேர்மனியின் வீஸ்பாடனில் பிறந்தவர். வயலின் கலைஞர். கிழக்கே வந்து 1903இல் பர்மாவில் பௌத்த துறவியானார்; ஞானதிலோக என்ற பெயர் பெற்றார். 1911இல் தென்னிலங்கையின் தொடந்துவையில், ரத்கம வாவிக்குள் இருக்கும் பொல்கஸ்துவ என்ற சிறு தீவில் ஒரு தவச்சாலையை அமைத்தார். ஐரோப்பியத் துறவிகள் அவரைச் சுற்றித் திரண்டார்கள். யுத்தம் வந்தது. பிரித்தானிய அதிகாரிகள் முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? அவரை அந்தத் தீவிலேயே விட்டுவைத்தார்கள். இவர் ஆபத்தானவர் அல்லர் என்ற முடிவுக்கு அவர்களால் வர முடிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பாலி நூல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஒருவரைச் சுற்றி ஒரு வாவி. அவரைக் கண்காணிக்கத் தோணி ஒன்று போதும். அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. தியத்தலாவை முகாமுக்கு அனுப்பினார்கள். 1915இல் அங்கிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையில் ட்ரயல் பே என்ற பழைய சிறைச்சாலையில் அவர் காலம் கழிந்தது.

1916இல், ஜேர்மனிக்குத் திரும்பிப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுதலை செய்தார்கள். அவர் ஹவாய் வழியாகச் சீனாவுக்குப் போனார். பர்மிய எல்லையை ஒட்டிய தேரவாதக் கிராமங்களில் வாழலாம் என்ற நினைப்பு. 1917இல் சீனாவும் ஜேர்மனிமீது யுத்தம் அறிவித்தது. அங்கும் சிறை. 1919இல் ஜேர்மனிக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டு இலங்கைக்குத் திரும்ப முயன்றார். யுத்தம் முடிந்திருந்தது, ஆனாலும் அனுமதி கிடைக்கவில்லை. யப்பானுக்குப் போனார். தாய்லாந்தில் தங்கலாம் என்று போன இடத்தில் உளவாளி என்ற சந்தேகத்தில் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். யப்பானில் பாலியும் ஜேர்மனும் கற்பித்துக்கொண்டு காத்திருந்தார். 1926இல்தான் பொல்கஸ்துவவுக்குத் திரும்ப முடிந்தது. தீவில் காடு மண்டியிருந்தது. பிரித்தானியா, சீனா, தாய்லாந்து என்று மூன்று அரசுகள் அவரைச் சந்தேகித்தன. அந்தப் பன்னிரண்டு வருடங்களில் அவர் செய்த குற்றம் என்று ஒன்றைக்கூட எவரும் நிரூபிக்கவில்லை.

அவர் தியத்தலாவையில் இருந்து அவுஸ்திரேலியா போன அதே 1915, முஸ்லிம்களாகிய எங்களுக்கு இன்னொரு காரணத்தால் மறக்க முடியாத ஆண்டு. மே 28 இரவு கண்டியில் மூண்ட சிங்கள முஸ்லிம் கலவரம் நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவியது. 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 86 பள்ளிவாசல்கள் சேதமாயின. 4,000க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. அதற்குச் சில மாதங்களுக்கு முன், பெப்ரவரியில், சிங்கப்பூரில் இந்திய முஸ்லிம் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, டங்லின் முகாமில் இருந்த ஜேர்மன் கைதிகளின் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். துருக்கி ஜேர்மனியோடு சேர்ந்திருந்தது. ஆகவே ஆட்சியாளரின் கண்ணில் எங்கு பார்த்தாலும் ஜேர்மன் கை தெரிந்தது. இலங்கைக் கலவரத்தின் பின்னாலும் ஜேர்மன் சதி இருக்கலாம் என்று அதிகாரிகள் ஐயுற்றார்கள். ஆளுநர் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். மதுவிலக்கு இயக்கத்தின் சிங்களத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், டி.எஸ். சேனாநாயக்க அவர்களில் ஒருவர். இளம் அதிகாரி ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அநகாரிக தர்மபாலவின் சகோதரர் யாழ்ப்பாணச் சிறையில் இறந்தார்.

இதை எழுதும்போது என் பக்கத்துச் சங்கடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கலவரத்தின் பின் முஸ்லிம்களுக்கு நட்டஈடு கொடுக்க ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். கொள்ளையடித்தவரிடம் மட்டுமல்ல, பாதிக்கப்பட்ட பகுதிகளில் வாழ்ந்த சிங்களவர் எல்லோரிடமும் அந்தப் பணம் அறவிடப்பட்டது. இழந்தவர்களுக்கு நட்டஈடு நியாயம். ஆனால் அது வசூலிக்கப்பட்ட முறை, இனத்தையே குற்றவாளியாக்கும் முறை. பொன்னம்பலம் இராமநாதன் இதையெல்லாம் கண்டித்து 1916இல் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். முஸ்லிம்களின் காயத்தை அவர் போதிய அளவு மதிக்கவில்லை என்ற மனக்குறை எங்கள் சமூகத்தில் இன்றும் உண்டு; அது நியாயமான குறைதான். ஆனால் கூட்டுத் தண்டனை பற்றி அவர் சொன்னதைப் பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நமக்குச் சாதகமாக வந்தபோது பேசாமல் ஏற்றுக்கொண்ட ஒரு முறையை, பிறகு நமக்கு எதிராக வந்தபோது மட்டும் அநீதி என்று கூவ முடியுமா?

இரண்டாம் யுத்தத்துக்கு வருவோம். இந்தத் தடவை பிரித்தானியா புத்திசாலித்தனமாகவே தொடங்கியது. 1939 இலையுதிர்காலத்தில் தன் நாட்டில் வாழ்ந்த ஜேர்மனியரையும் ஒஸ்திரியரையும் ஒவ்வொருவராக அழைத்து விசாரிக்க நியாயசபைகளை அமைத்தது. ஏறத்தாழ 73,000 பேரின் கதையைக் கேட்டார்கள். மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஆபத்தானவர், உடனே அடைக்க வேண்டியவர் என்ற முதல் வகையில் வந்தவர்கள் 569 பேர். ஏழாயிரத்துக்கும் குறைவானவர்கள் சந்தேகத்துக்குரியவர்கள், கட்டுப்பாடுகளோடு வெளியே. எஞ்சிய அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆபத்தற்றவர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்கள். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, முதல் வகையில்.

இதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். ஆறு மாதத்துக்குள் 73,000 பேரைத் தனித்தனியே விசாரிக்க முடியும் என்று ஒரு அரசு செய்து காட்டிவிட்டது. 1940 மே, ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்ததும் அந்தப் பட்டியல்கள் மேசையில் இருக்கும்போதே, ஆபத்தற்றவர் என்று தானே முடிவு செய்தவர்களையும் ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனது. அடைக்கப்பட்டோரை ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட அரண்டோரா ஸ்டார் கப்பலை ஜூலை 2இல் ஜேர்மன் நீர்மூழ்கி தாக்கியது. 800க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் இத்தாலியர், ஹிட்லரை எதிர்த்து நாட்டைவிட்டு ஓடிவந்த ஜேர்மனியரும் அவர்களில் இருந்தார்கள். அமெரிக்காவும் பின்தங்கவில்லை. யப்பானிய வம்சாவளியினர் 120,000 பேர் அடைக்கப்பட்டதை உலகம் அறியும். ஜேர்மன் வம்சத்தவர் ஏறத்தாழ 11,000 பேரும் அடைக்கப்பட்டார்கள் என்பதும், இலத்தீன் அமெரிக்க நாடுகளில் இருந்து 4,000க்கும் மேற்பட்ட ஜேர்மனியரைக் கொண்டுவந்து அடைத்தார்கள் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதற்குப் பயன்பட்ட சட்டம் 1798இல் இயற்றப்பட்டது. 2025இல் வெனிசுவேலா நாட்டவரை நாடுகடத்த அதே சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள்.

இலங்கையில் இரண்டாவது தடவையாகத் தியத்தலாவைக்குப் போனார் ஞானதிலோக தேரர். இப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவரோடு போனவர்களில் ஒருவரது கதை, இந்த முறையின் அபத்தத்தை அப்படியே காட்டும். சீக்முண்ட் ஃபெனிகர் என்ற ஞானபொனிக தேரர் 1901இல் ஹனாவ் நகரில் பிறந்த யூதர். நாஜிகள் ஆட்சியைப் பிடித்தபின், 1936இல் இலங்கைக்கு வந்து துறவியானார். 1939இல் தன் தாயையும் உறவினரையும் ஐரோப்பாவில் இருந்து பாதுகாப்பாக இலங்கைக்கு வரவழைத்தார். நாஜி ஜேர்மனி அவரை யூதர் என்று விரட்டியது. பிரித்தானிய இலங்கை அவரை ஜேர்மனியர் என்று அடைத்தது. தாய் கொழும்பில், மகன் முள்வேலிக்குள்.

இமாலய அடிவாரத்தில் டேராடூனில் பெரிய முகாம் இருந்தது. இலங்கையின் ஜேர்மனியர் பின்னர் அங்கு கொண்டுபோகப்பட்டார்கள். ஜேர்மனியில் பிறந்த லாமா கோவிந்தாவும் அங்கே இருந்தார். அவர் 1938இலேயே பிரித்தானியப் பிரஜாவுரிமை பெற்றவர். காகிதத்தில் அவர் எதிரிநாட்டவர் அல்லர். ஆனாலும் அடைத்தார்கள், நேரு குடும்பத்தோடு அவருக்கு இருந்த தொடர்பு காரணமாகச் சொல்லப்பட்டது. இன்னொரு பக்கம், ஒல்லாந்தக் கம்பனியில் வேலைக்கு வந்த ஜேர்மன் சிப்பாய்களின் வழித்தோன்றல்களான பறங்கியர் குடும்பங்கள் எத்தனையோ இந்த நாட்டில் இருந்தன; அவர்களை எவரும் தொடவில்லை. ஆக, இரத்தம்தான் அளவுகோல் என்றும் சொல்ல முடியாது, பிரஜாவுரிமைதான் என்றும் சொல்ல முடியாது. அதிகாரிக்கு எது வசதியோ அதுவே அளவுகோல்.

தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு அடித்தளம் போட்ட ஜோன் ஹாகன்பெக்கும் இரண்டு யுத்தங்களிலும் அடிபட்டவர். முதல் யுத்தத்தில் சொத்துகளை இழந்தார். திரும்பி வந்து தெஹிவளையில் மிருகங்களைக் கொண்டு ஒரு நிறுவனம் நடத்தினார். அது நொடித்துப்போய் 1936இல் அரசின் கைக்கு வந்தது. இரண்டாம் யுத்தத்தில் மறுபடி காவல். 1940இல் அந்தக் காவலிலேயே இறந்தார். பாடசாலைச் சுற்றுலாவில் கொழும்புக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் மிருகங்களைப் பார்த்துவிட்டு வரும் இடத்தின் தொடக்கக்காரர் அவர்.

டேராடூனில் நாஜிகளே இல்லையா என்றால், இருந்தார்கள். நாஜி ஆதரவாளருக்கு ஒரு பகுதி, எதிர்ப்பாளருக்கு ஒரு பகுதி என்று முகாமையே பிரித்து வைத்திருந்தார்கள். 1944 ஏப்ரலில் அங்கிருந்து தப்பித் திபெத்துக்குப் போன மலையேறி ஹைன்ரிக் ஹாரர் நாஜிக் கட்சியிலும் எஸ்.எஸ். அமைப்பிலும் உறுப்பினராக இருந்தவர். ஆகவே சந்தேகம் முழுவதும் கற்பனை அல்ல. ஆனால் இதிலும் கவனிக்க வேண்டியது ஒன்று: முகாமுக்குள்ளே யார் நாஜி, யார் எதிரானவர் என்று அதிகாரிகளால் பிரிக்க முடிந்தது. முள்வேலிக்கு உள்ளே செய்ய முடிந்த பிரிப்பு வெளியே ஏன் முடியாமல் போனது? அடைத்தபின் பிரித்தால் பொறுப்பு இல்லை. அடைக்காமல் பிரித்து, ஒருவர் தவறிவிட்டால் கையெழுத்திட்ட அதிகாரி பதில் சொல்ல வேண்டும். இதுதான் முழுக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

உண்மையான ஆபத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9இல் திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தார்கள். 307 பேர் இறந்தார்கள். அம்பாறை அப்போது தனி மாவட்டம் அல்ல. கல்முனையும் மட்டக்களப்பு மாவட்டம்தான். யுத்தம் எங்கள் கடலுக்கு வந்தது விமானத்தில். தொடந்துவை வாவியில் இருந்து அல்ல.

1949இல் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை இந்த அனுபவங்களில் இருந்து எழுந்தது. அதற்கு முன் போர்க்கைதிகளுக்குத்தான் சர்வதேசச் சட்டப் பாதுகாப்பு விரிவாக இருந்தது. அடைக்கப்பட்ட சிவிலியனுக்கு ஏறக்குறைய எதுவும் இல்லை. புதிய உடன்படிக்கையின் 42ஆவது பிரிவு, பாதுகாப்புக்கு முற்றிலும் இன்றியமையாதபோது மட்டுமே எதிரிநாட்டுச் சிவிலியனை அடைக்கலாம் என்கிறது. 43ஆவது பிரிவு, அந்த முடிவை நீதிமன்றமோ நிர்வாகச் சபையோ உடனடியாகவும், பின்னர் வருடத்துக்கு இரு தடவையாவது மீளாய்வு செய்ய வேண்டும் என்கிறது. 44ஆவது பிரிவு, எந்த அரசின் பாதுகாப்பும் இல்லாத அகதிகளை வெறும் பிரஜாவுரிமைக்காக எதிரிகளாக நடத்தக் கூடாது என்கிறது. ஃபெனிகரை மனதில் வைத்தே எழுதியதைப் போல இருக்கிறது அந்தப் பிரிவு.

இப்போது நம் நாட்டின் சட்டத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1979இல் தற்காலிகம் என்று வந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், அமைச்சரின் கையெழுத்தில் ஒருவரை 18 மாதம்வரை தடுத்துவைக்க இடம் கொடுத்தது. அந்த ஆணை இறுதியானது, ரிட் மனு முதலான எந்த வழியிலும் நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த முடியாது என்று 10ஆவது பிரிவு சொன்னது. 2022 திருத்தம் 18ஐ 12ஆகக் குறைத்தது. நீதிமன்றத்தின் கதவையும் ஓரளவு திறந்தது. ஆனால் நாற்பது வருடங்களுக்கு மேலாக, யுத்தகாலத்து எதிரிநாட்டவருக்குச் சர்வதேசச் சட்டம் கொடுத்த உத்தரவாதம் இந்த நாட்டின் சொந்தப் பிரஜைக்கு இருக்கவில்லை.

அந்த இடைவெளிக்குள் கிழக்கில் நடந்தவை நமக்குத் தெரியும். 1990 ஜூனில் கல்முனையை இராணுவம் மீளக் கைப்பற்றியபோது தமிழர் பலர் பிடித்துச் செல்லப்பட்டார்கள்; திரும்பி வராதவர்கள் பலர். முகத்தை மூடிய தலையாட்டியின் ஒரு அசைவே அன்று விசாரணை. அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கில் இருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். காட்டிக்கொடுப்பார்கள் என்ற சந்தேகம்தான் அங்கும் சொல்லப்பட்ட நியாயம். அரசு செய்தாலும் இயக்கம் செய்தாலும் தர்க்கம் ஒன்றே. தமிழருக்கு நடந்ததைப் பற்றி முஸ்லிம்களும், முஸ்லிம்களுக்கு நடந்ததைப் பற்றித் தமிழரும் ஒரே குரலில் பேசாமல் போனதில் அந்தத் தர்க்கம் பிழைத்துக்கொண்டது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் முஸ்லிம்கள், அதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. ஆனால் அதற்கு முன் நடந்ததையும் மறைக்கக் கூடாது. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முறையிட்டிருந்தார்கள். ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியப் புலனாய்வுத் தகவல் வந்திருந்தது. தனி ஆட்களைப் பற்றிய திட்டவட்டமான எச்சரிக்கை அது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், பொறுப்பில் இருந்தவர்கள் கடமை தவறினார்கள் என்று கண்டு, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் 15 பேர் இறந்த சம்பவத்திலும், அந்த வீட்டில் புதிதாக வந்தவர்களைப் பற்றி முதலில் சந்தேகப்பட்டுத் தகவல் சொன்னவர்கள் அந்த ஊர் முஸ்லிம்கள்தான்.

தகவல் இருந்த இடத்தில் நடவடிக்கை இல்லை. தகவலே இல்லாத இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கைதானார்கள். அரபு எழுத்துள்ள புத்தகம், சமையலறைக் கத்தி, உடுப்பில் இருந்த ஒரு கப்பல் சக்கரத்தின் படம் என்று காரணங்கள். கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் ஒரு கவிதைத் தொகுதிக்காகக் கைதாகி, 2021 டிசெம்பரில்தான் பிணையில் வந்தார்; 2023இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தமிழில் அச்சாகிய நூலில் என்ன இருக்கிறது என்று அறிய, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு பிற்பகல் உட்கார்ந்திருந்தால் போதும். அதற்குப் பதிலாக ஒரு மனிதரின் ஒன்றரை வருடத்தை எடுத்தார்கள்.

1914இன் பொல்கஸ்துவவும் 1939இன் நியாயசபைகளும் 2019இன் ஏப்ரல் 4 எச்சரிக்கையும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. ஆளைப் பார்த்து விசாரிப்பது மென்மையான வழி அல்ல. பாதுகாப்புக்கும் அதுதான் கைகொடுக்கும் வழி. கூட்டமாக அள்ளுவது அதிகாரியைக் காப்பாற்றுகிறது, நாட்டை அல்ல.

ஞானதிலோக தேரர் 1946இல் விடுவிக்கப்பட்டுப் பொல்கஸ்துவவுக்குத் திரும்பினார். 1950இல் இலங்கைப் பிரஜாவுரிமை கொடுத்தார்கள். 1957இல் இறந்தபோது அரச மரியாதையோடு தகனம் செய்தார்கள், பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க கலந்துகொண்டார். ஞானபொனிக தேரர் 1958இல் கண்டியில் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தை நிறுவியவர்களில் முதன்மையானவர். உலகம் முழுவதும் அதன் நூல்கள் போயின. எதிரி என்று இரண்டு தடவை அடைத்தவரை நாட்டின் பெருமை என்று தகனம் செய்ய நாற்பது வருடம் போதுமானதாக இருந்தது. 2019இல் பிடிபட்டுக் குற்றமற்றவராக வெளியே வந்தவர்களுக்கு அரச மரியாதை வேண்டாம். ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் இடத்தில் எந்தப் பெயரில் எந்தச் சட்டம் வந்தாலும், மூன்று வாசகங்கள் அதில் இருக்க வேண்டும் என்று நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம், தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தே, கேட்க வேண்டும்: தடுக்கப்பட்டவரை முதல் நாட்களிலேயே நீதவான் முன் நிறுத்த வேண்டும், அவர் தனிப்பட்ட முறையில் என்ன செய்தார் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும், பிழையாக அடைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் அரசு பணம் கட்ட வேண்டும்.